சுருட்டி எடுத்துச் செல்லும் மரமேசையை நம் ஊர்த் தச்சர்களே செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையிலும், காணும் பொங்கலன்று அணைப் பூங்காக்களிலும், குலதெய்வம் கும்பிடப் போகும் நாள்களில் கோயில் தோப்புகளிலும் குடும்பத்தோடு அமர்ந்து கட்டுச்சோறு உண்ணும் வழக்கம் கொங்கு நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த வழக்கத்துக்குத் துணையாக, பாயைப் போலச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய மரமேசை ஒன்றை நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளில் செய்து விற்க முடியும்; ஓரளவு கைவேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். இதைத் தங்கள் நாளிதழ் வழியாக வாசகர்களுக்கும் தச்சர்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். அளவும் மரமும் இணைப்பும் சொல்லாமல் மேசையைப் பற்றி மட்டும் பேசினால் எந்தப் பட்டறையிலும் வேலை தொடங்காது.

நான் வசிக்கும் பவானி ஜமக்காளத்துக்குப் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தடித்த விரிப்பைக் கூடுதுறைப் பக்கம் மர நிழலில் விரித்து, தேங்காய்ச் சாதத்தையும் எலுமிச்சைச் சாதத்தையும் தயிர்ச் சாதத்தையும் நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து உண்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்றே நான் எண்ணுகிறேன். தரையில் சம்மணமிட்டு உண்ணும் பழக்கத்தைக் கைவிடச் சொல்வது என் நோக்கமே அன்று. ஆனால் மூட்டுவலியால் அவதிப்படுவோர், முதுகுத்தண்டில் தொல்லை உள்ளோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் ஆகியோரால் தரையில் அமரவும் முடிவதில்லை. அமர்ந்துவிட்டால் எழவும் முடிவதில்லை. முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தரையில் சம்மணமிட்டு அமர வேண்டாம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். இத்தகையோருக்காக இப்போது பல வீடுகளில் மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறோம். நாற்காலி வந்தது, மேசை வரவில்லை. ஆகவே பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்து, தட்டை மடியில் ஒரு கையால் பிடித்தபடி, குழம்பு சாய்ந்துவிடுமோ என்ற கவலையுடனேயே உண்கிறார்கள். தண்ணீர்ச் செம்பு காலடியில் இருக்கிறது, அதைக் குனிந்து எடுக்க மற்றொருவர் உதவி தேவைப்படுகிறது. சிலர் வண்டியிலேயே தனியாக அமர்ந்து உண்டுவிட்டு, மற்றவர்கள் முடித்து வரும்வரை காத்திருக்கிறார்கள். என் தாயார் வெளியூர்ப் பயணங்களுக்கு வரத் தயங்கியதற்குக் கோயில் படிகள் காரணமாக இருக்கவில்லை. இந்தச் சாப்பாட்டு நேரத்துச் சங்கடம்தான் காரணமாக இருந்தது. வீட்டின் மூத்தவர் பந்தியிலிருந்து விலகி இருக்கும்போது குடும்பச் சாப்பாடு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கடைகளில் மடக்கு மேசைகள் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன. பிளாஸ்டிக் பலகையும் இரும்புக் குழாய்க் கால்களும் கொண்டவை மடித்த பின்னும் ஒரு சிறு கதவின் அகலத்துக்கு இருக்கின்றன. மகிழுந்து வைத்திருப்பவர்களுக்கு அவை சரி, பேருந்தில் போகிறவர்களுக்கு உதவாது. அலுமினியப் பட்டைகளால் ஆன சுருள் மேசைகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை மரத்தைவிட எடை குறைந்தவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பட்டை வளைந்துவிட்டாலோ, மூலையில் உள்ள பிளாஸ்டிக் பூட்டு உடைந்துவிட்டாலோ மாற்றுப் பொருள் கிடைப்பது அரிது. மேசை முழுவதுமே பரணுக்குப் போய்விடுகிறது. மரமேசையில் ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் ஒன்று முறிந்தால் அரை மணி நேரத்தில் இன்னொன்றை இழைத்துப் பொருத்திவிடலாம். அதற்கான ஆள் நம் தெருவிலேயே இருக்கிறார்.

இனி மேசையின் அமைப்பைச் சொல்கிறேன். இது இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று, நாடாவில் வரிசையாகப் பிணைக்கப்பட்ட ரீப்பர்களால் ஆன மேற்பரப்பு. மற்றொன்று, அதைத் தாங்கும், கத்தரிக்கோலைப் போலக் குறுக்கிட்டு விரியும் கத்தரிக்கால் சட்டகம். மேற்பரப்புக்கு 65 சென்டிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் கனமும் உள்ள 19 ரீப்பர்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மொத்த நீளம் சரியாக 85 சென்டிமீட்டர் வரும். நால்வர் எதிரெதிரே அமர்ந்து தட்டு வைத்து உண்ண இது போதும். வாழை இலை போடுவதானால் இருவருக்குத் தாராளமாக இருக்கும். சட்டகத்துக்கு 40 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் கனமும் கொண்ட எட்டுச் சட்டங்கள் தேவை: நான்கு கால்கள், மேலே இரண்டு தாங்கு சட்டங்கள், கீழே இரண்டு இணைப்புச் சட்டங்கள். எட்டும் ஒரே நீளம், 85 சென்டிமீட்டர். அளவு ஒன்றாக இருப்பதால் அறுப்பதில் தவறு நேராது. கழற்றிக் கட்டும்போது எட்டும் ஒரே கட்டாக அடங்கும். அந்தக் கட்டின் மேலேயே ரீப்பர்ப் பாயைச் சுற்றிவிட்டால் 20 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளையாகப் பைக்குள் போய்விடும்.

ரீப்பரின் கனத்தை 15 மில்லிமீட்டர் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எடையைக் குறைக்கும் ஆசையில் 12 மில்லிமீட்டர் போதும் என்று பலரும் முடிவு செய்வார்கள். ஒரு பலகை வளையாமல் தாங்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே 12-இலிருந்து 15-க்குப் போகும்போது எடை கால் பங்குதான் ஏறுகிறது. விறைப்போ ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. சோற்றுப் பாத்திரத்தை வைத்ததும் நடுவில் தொய்ந்து குழையும் மேசையில் எந்தப் பெரியவரும் நிம்மதியாகக் கையை ஊன்ற மாட்டார். எடையைக் குறைக்க வேண்டுமானால் அதை மரத் தேர்வில்தான் செய்ய வேண்டும்.

மரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தேக்கு எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். வெயிலிலும் ஈரத்திலும் கோணாமல் நிற்கும், கரையான் எளிதில் தொடாது. ஆனால் உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் இருப்பதால், மேலே சொன்ன அளவுகளில் மேசையின் மர எடை மட்டும் 8 கிலோவைத் தாண்டிவிடும். இதற்கு மிகப் பொருத்தமான மரம் குமிழ் என்பது என் கருத்து. அது கன மீட்டருக்கு 500 கிலோவை ஒட்டியே இருக்கும். இழைப்புளிக்கு இதமாக இணங்கும். ஒருமுறை நன்கு உலர்ந்துவிட்டால் நீர்பட்டு ஊதுவதும் சுருங்குவதும் குறைவு. குமிழில் செய்தால் அதே மேசை 6 கிலோவுக்குச் சற்று மேலே நின்றுவிடும். நம் பகுதியில் குமிழையும் மலைவேம்பையும் தேக்கையும் வயல் ஓரங்களிலும் தனித் தோட்டமாகவும் வளர்க்கும் உழவர்கள் பலர் இருக்கிறார்கள். மலைவேம்பு இன்னும் இலகுவானது, ஆனால் மென்மையானது. மேற்பரப்புக்கு ஏற்கலாம், கால்களுக்குக் கூடாது. பலாவும் நல்ல மரம்தான். அதன் மஞ்சள் நிறம் நாளாக ஆக அழகிய பழுப்பாக மாறும். நாட்டு வேம்பு தேக்கைவிடக் கனமானது, முறுக்கிக்கொள்ளும் இயல்பும் உண்டு. மாமரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வண்டு துளைத்து விரைவில் உளுத்துப்போகும். சவுக்கு கனமானது, உலரும்போது வெடிக்கும். பனஞ்சட்டம் கூரைக்கு இணையற்றது. கை படும் இடத்தில் அதன் நார் சிராயாக ஏறும் என்பதால் சாப்பாட்டு மேசைக்குச் சொல்ல மாட்டேன்.

இறக்குமதிச் சரக்குகளுக்கு அடியில் வைத்து வரும் பைன் மரத் தாங்கு தட்டுகளைப் (பேலட்) பழைய மரக் கடைகளில் வாங்கிப் பிரித்துச் சிலர் அறைகலன் செய்கிறார்கள். அப்படிச் செய்வோர் மரத்தில் கோதுமைக் கதிர் வடிவத்தோடு குத்தப்பட்டிருக்கும் முத்திரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்ட மரம், எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப் புகை ஏற்றப்பட்ட மரம். பின்னதையும், முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ சாயமோ சிந்திய கறை உள்ளதையும் உணவு வைக்கும் மேசைக்குப் பயன்படுத்தவே கூடாது.

இந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்த கூறு ஒன்று உண்டு. வழக்கமான மேசைக்கு அகலமான பலகை வேண்டும், அகலமான பலகைக்கு முதிர்ந்த பெருமரம் வேண்டும். இதற்கோ 4 சென்டிமீட்டர் அகலமே போதும். தேக்குத் தோட்டத்தில் நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டி எடுக்கும் இளமரங்கள், கதவு நிலை அறுத்த பின் பட்டறை மூலையில் குவியும் துண்டுகள், காற்றில் முறிந்த பலாவின் கிளைகள் என, விறகு விலைக்குப் போகும் மரமெல்லாம் இங்கே பயன்படும். இளமரத்தில் ஒரு கவனம் வேண்டும். வைரம் (மரத்தின் உறுதியான நடுப்பகுதி) பாயாத வெளிறிய பகுதியைப் பூச்சி எளிதில் பிடிக்கும். ஆகவே கால்களையும் தாங்கு சட்டங்களையும் வைரத்திலிருந்தே அறுக்க வேண்டும். வெளிறு கலந்த துண்டுகளை மேற்பரப்பின் ஓர ரீப்பர்களுக்கு ஒதுக்கலாம். கணு உள்ள துண்டை எங்கேயும் பயன்படுத்தக் கூடாது. அகலம் குறைந்த ரீப்பரில் ஒரு கணு வந்தாலும் அந்த இடத்தில்தான் அது முறியும்.

அறுத்த மரத்தை உடனே பிணைத்துவிடக் கூடாது. ரீப்பர்களை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, வரிசைக்கு வரிசை ஒரே நேர்க்கோட்டில் குச்சி வைத்து அடுக்கி, மேலே கனமான கல்லை ஏற்றி, குறைந்தது இரண்டு மூன்று மாதம் காற்றாட விட வேண்டும். முனைகளில் மெழுகோ பழைய பெயின்டோ பூசினால் அங்கிருந்து ஈரம் விரைந்து வெளியேறி வெடிப்பு விழுவது தடுக்கப்படும். மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்கு அருகில் வந்த பிறகே இழைக்க வேண்டும். வெயிலில் காயவைத்து நாளைக் குறைக்க முயன்றால் ரீப்பர் வில்லாக வளையும். மழைக்காலத்தில் அகலவாக்கில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஊதினாலும், நாம் விட்ட 5 மில்லிமீட்டர் இடைவெளி அதை ஏற்றுக்கொள்ளும். அந்த இடைவெளி மழை நீரையும் கழுவும் நீரையும் கீழே வடியவிடுகிறது. பருக்கையும் தேங்கி அழுகாது.

பிணைப்பதற்குக் கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவே போதும். 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ளதாக, இரண்டு இழுவைகள். பருத்தி நாடா ஈரத்தில் இற்றுப்போகும். ரீப்பரின் குறுக்கே துளையிட்டுக் கயிறு கோக்கும் முறையில் துளை விழுந்த இடத்தில் மரம் பலவீனப்படும். ரீப்பர்களைச் சமதளத் தரையில் மேல்முகம் கீழாகக் கவிழ்த்து, ஓரத்தில் நேரான கட்டை ஒன்றை ஒட்டி வரிசையாக வைத்து, இடையிடையே 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செருகிக்கொள்ள வேண்டும். பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும்; இரண்டும் 107 சென்டிமீட்டராக ஒத்திருந்தால்தான் மேசை கோணாமல் இருக்கும். அதன்பின் இரண்டு நாடாக்களையும் 36 சென்டிமீட்டர் இடைவெளியில் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு ரீப்பரிலும் நாடா ஒன்றுக்கு இரண்டு என, 12 மில்லிமீட்டர் நீளத் துருப்பிடிக்காத திருகாணிகளை வாஷர் வைத்துப் பூட்ட வேண்டும். நாடாவில் துளையைச் சூடாக்கிய ஆணியால் போட்டால் இழை உருகி ஒட்டிக்கொள்ளும். பின்னர் பிரிந்து வராது. மரத்திலும் சிறு முன்துளை போடாமல் திருகினால் மெல்லிய ரீப்பர் பிளந்துவிடும். ஆணி அடிக்கவே கூடாது. சில முறை சுருட்டியதுமே கழன்று வந்துவிடும்.

இப்படிப் பிணைத்ததைச் சுருட்டும்போது நாடா உட்பக்கமும் மேசையின் முகம் வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் ரீப்பர்களின் மேல் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு திருகாணிகளைப் பிடுங்கிவிடும். பாயைச் சுருட்டுவதில் பக்க வேறுபாடு இல்லை, இதில் உண்டு. உணவு வைக்கும் முகம் வெளியே இருப்பதால், உறையாகத் தடித்த காடாத் துணியில் ஒரு பை தைத்துக்கொள்வது நல்லது.

சட்டகத்தில்தான் தச்சரின் கைத்திறன் தெரியும். இரண்டு கால்கள், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் சேர்ந்தால் ஒரு செவ்வகம். இப்படி இரண்டு செவ்வகங்களைக் கால்களின் நடுவே 8 மில்லிமீட்டர் போல்ட்டால் கோத்தால் கத்தரிக்கால் ஆகிறது. ஒரு செவ்வகம் மற்றொன்றுக்குள் அமர வேண்டும் என்பதால், உள்செவ்வகத்தின் வெட்டுகள் காலின் கனமான 20 மில்லிமீட்டர் அளவு இருபுறமும் உள்ளே தள்ளி வர வேண்டும். வெளியிலிருந்து இரண்டு வாஷர் கனத்துக்கு இடம் விடவும் மறக்கக் கூடாது. காலும் சட்டமும் சேரும் இடங்களில் இரண்டிலும் பாதியளவு வெட்டி ஒன்றையொன்று கவ்வும்படி பொருத்தி, கையாலேயே திருகக்கூடிய காது வைத்த நட்டுகளோடு 6 மில்லிமீட்டர் போல்ட் போட வேண்டும். வெட்டு இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் மேசை நீளவாக்கில் ஆடும். வெட்டு சரியாக இருந்தால் போல்ட்டுக்கு வேலையே குறைவு. பசை எங்கும் தேவையில்லை.

பசையில்லாமல் கழற்றிக் கட்டும் அறைகலன் நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பொறியாளர் படைப்பிரிவு இருந்த, இன்றைய உத்தராகண்டிலுள்ள ரூர்க்கி நகரின் பெயரால் ஒரு முகாம் நாற்காலி உருவானது. அதன் கால்களில் கூம்பாகத் துளையிட்டு, குறுக்குச் சட்டங்களின் முனையையும் கூம்பாகச் செதுக்கிச் செருகினார்கள். ஆள் உட்கார உட்கார இணைப்பு இறுகும், மேடுபள்ளமான தரைக்கு ஏற்ப நான்கு கால்களும் தாமே இசைந்துகொள்ளும், பிரித்தால் எல்லாம் அதன் கான்வாஸ் துணிக்குள்ளேயே சுருண்டுவிடும். டென்மார்க்கின் அறைகலன் வடிவமைப்பாளர் காரே கிளிண்ட் 1933-இல் அந்த நாற்காலியைத் தழுவி ஒன்றை வடிவமைத்தார். அது இன்றும் உயர்ந்த விலைக்கு விற்கிறது. இந்திய நகர் ஒன்றின் பெயரைத் தாங்கிய ஒரு முறை கடல் கடந்து மதிக்கப்படும்போது, நாம் மட்டும் அதை எளிய தேவைகளுக்குக்கூடப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கால்களை விரித்ததும் பாதங்களுக்கு இடையே 52 சென்டிமீட்டர் இருக்குமாறு கீழ்ச் சட்டங்கள் இரண்டையும் ஒரு நாடாத் துண்டால் இணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கால் விரியாது. அந்த நிலையில் மேசையின் உயரம் 68 முதல் 70 சென்டிமீட்டர் வரும். மடக்கு நாற்காலியில் அமர்பவருக்கு இது ஏற்ற உயரம். காலின் சாய்வு தரையோடு ஏறத்தாழ 52 பாகை என்பதால், பாதத்தையும் உச்சியையும் அதே சாய்வில் அறுத்தால் முழுப் பரப்பும் தரையில் படியும். ஆற்று மணலில் வைக்கும்போது கால்முனைகள் புதைந்து மேசை சாயும் என்ற அச்சம் நியாயமானது. கீழ்ச் சட்டங்களைப் பாதத்துக்கு நெருக்கமாக வைத்துவிட்டால், சற்றே புதைந்ததும் அவையே மணலில் நீளவாக்கில் படிந்து பளுவைப் பரப்பிக்கொள்ளும். மேற்பரப்பு பக்கவாட்டில் நழுவாமலிருக்க, முதல் ரீப்பரிலும் கடைசி ரீப்பரிலும் அடிப்பக்கத்தில், தாங்கு சட்டங்களுக்கு வெளியே உரசும்படி 1 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறு கட்டைகளைத் திருகிவிட்டால் போதும். உபரியாக இரண்டு நட்டுகளைப் பையிலேயே தைத்து வைப்பது நல்லது. மணலில் விழுந்த நட்டைத் தேடி எடுக்க முடியாது.

மேற்பூச்சைப் பற்றி நான் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். சுருட்டிப் பிரிக்கும் பொருளில் வார்னிஷ் விளிம்புகளில் உரிந்து, பருக்கையோடு கலக்கும். உப்புத்தாளால் 120, 220 என்ற எண் வரிசையில் தேய்த்து எல்லா விளிம்புகளையும் மழுக்கிய பிறகு, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மறுமுறை பூசி, இறுதியில் தேன்மெழுகைத் தேய்ப்பதே ஏற்ற முறை. வேறு வேதிப்பொருள் சேர்க்காத எண்ணெயாகப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் பூசக் கூடாது. அது காற்றில் உலர்ந்து இறுகும் வகை எண்ணெய் அன்று, பிசுபிசுத்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும் என்பதைத் தச்சர்களில் பலர்கூட அறிந்திருக்கவில்லை. துணியை விரித்துத் திறந்தவெளியில் காயவைத்தோ, நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும். குடிசையும் மரத்தூளும் உள்ள பட்டறையில் இது உயிர் காக்கும் செய்தி.

பயன்பாட்டில் அதிகக் கட்டுப்பாடு இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைக்காமல் பிரிமணை மீது வைக்க வேண்டும். ஓரத்தில் கையூன்றி எழுந்திருக்கக் கூடாது. குழந்தைகளை மேலே ஏற விடக் கூடாது. வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் விரித்துவைத்து, நாடாவும் உலர்ந்த பிறகே சுருட்ட வேண்டும். மஞ்சள் கறை பட்டால் கவலைப்பட வேண்டாம், சில மணி நேர வெயிலில் அதன் நிறம் தானே வெளுத்துப்போகும்.

நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில், உணவு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் தெர்மாகோல் தட்டும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனாலும் பண்டிகைக்கு மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனால் அவற்றைப் பார்க்க முடிகிறது. தரை ஈரமாகவோ அழுக்காகவோ இருப்பதால்தான் பலர் அந்தத் தாளை விரிக்கிறார்கள். கழுவித் துடைக்கக்கூடிய மேசை கையில் இருந்தால் அந்தத் தாளுக்குத் தேவை குறையும். இலையையோ வீட்டுத் தட்டையோ அதன் மேல் வைத்து உண்ணலாம். மேசை ஒன்று வந்துவிட்டால் கரையெல்லாம் தூய்மையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதிலும் அதற்குச் சிறு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

தச்சர்களின் நிலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கதவு இரும்பிலும் யு.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அலமாரி, ஒட்டுப்பலகையில் ஆலையிலிருந்தே அளவாக அறுக்கப்பட்டு வருகிறது, கட்டில் கடையில் தவணைக்குக் கிடைக்கிறது. உளியும் இழைப்புளியும் பிடித்து வளர்ந்த பலர் இப்போது மைக்கா ஒட்டுவதையும் பூட்டு மாற்றுவதையும் செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு ஏற்ற, முதலீடு குறைந்த, தம் பட்டறையிலேயே முடிக்கக்கூடிய வேலை இந்த மேசை. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாது. அறுப்பு ஆலையில் ரீப்பரை அறுத்து வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் கைக்கருவிகளில் முடியும். வாசகர்களுக்கு என் வேண்டுகோள், மேசை வேண்டுமென்றால் முதலில் உங்கள் ஊர்ப் பட்டறையில் கேளுங்கள், செய்யும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள் என்பதே. நாடாவைப் பூட்டுவதற்கு மட்டும் 76 திருகாணிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்துளை போட வேண்டும். விரைந்து முடித்தால் அந்த இடத்தில்தான் பின்னால் மேசை கெடும்.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு ஓராண்டுப் பயிற்சியாக நடைபெறுகிறது. மாணவர்கள் அங்கே பாதிவெட்டு இணைப்பையும் துளையில் முனையைச் செருகும் பொளி கழுந்து இணைப்பையும் தனித்தனித் துண்டுகளில் செய்து பழகுகிறார்கள். மதிப்பெண் இட்ட பின் அந்தத் துண்டுகள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அதே பாதிவெட்டை இந்தச் சட்டகத்தில் பழகினால், எட்டு இணைப்புகளும் ஒரு முழுப்பொருளாக நிற்கும். எங்கே தளர்வு இருக்கிறது என்பதை ஆசிரியர் கையால் அசைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் குமிழ், மலைவேம்பு போன்ற மரங்களைப் பற்றி அறிவு மிக்க நிறுவனங்கள். எந்த வயதில் வெட்டிய மரம் இத்தகைய மெல்லிய ரீப்பருக்கு ஏற்றது, வீட்டளவில் அதை எப்படி உலர்த்துவது என்பதை உழவருக்கும் தச்சருக்கும் புரியும் தமிழில் இரண்டு பக்கங்களில் அவர்கள் எழுதித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் இந்த மேசையின் வரைபடத்தை, ஒவ்வொரு துண்டின் அளவும் வெட்டின் ஆழமும் தெரியும்படி, பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவில் வெளியிட வேண்டுகிறேன். அளவுகள் மில்லிமீட்டரிலும், பழைய தச்சர்களுக்காக அங்குலத்திலும் இருக்கட்டும். எண்ணெய்த் துணி தீப்பற்றுவது பற்றிய எச்சரிக்கை அதில் பெரிய எழுத்தில் இடம்பெற வேண்டும். மரம் உலர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், சித்திரை பிறப்பதற்கு முன் அது வெளிவந்தால்தான் வரும் ஆடிப் பதினெட்டுக்குள் மேசை தயாராகும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பவானி, ஈரோடு மாவட்டம்.